கொடிமலையில் ஒரு சிம்லா

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28, திங்கட்கிழமை. காலை மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நாட்டையே புகைமூட்டம் சூழ்ந்திருந்த நாட்கள் அவை. பர்மா சாலையில் இருக்கும் எங்கள் அலுவலகச் சன்னல் வழியாகப் பார்த்தால் வழக்கமாகக் கொடிமலை தெரியும். அன்று மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திரைதான் தொங்கியது. அந்த நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. நியூ ஜெர்சியிலிருந்து அக்கா.

"தம்பி, நம்ம கொடிமலைய இங்க டிவியில காட்டுறாங்கடா! ஆனா சிம்லான்னு சொல்றாங்க!"

அக்கா என்றால் என் பெரியப்பா மகள். கல்யாணமாகி அமெரிக்கா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அங்கே அப்போது ஞாயிறு இரவு. அவள் பார்த்துக்கொண்டிருந்தது 'இந்தியன் சம்மர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடர். அன்றுதான் அமெரிக்காவில் அதன் முதல் பகுதி ஒளிபரப்பானது.

நான் பதில் அனுப்பினேன்: "அக்கா, அதுதான் பெரியப்பா நடிச்ச டிராமா. விடாம பாருங்க, எங்கயாவது வருவாரு."

பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடிப்புக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு, கோயில் திருவிழா நாடகத்தில் ஒரு முறை காவலாளியாக நின்றதோடு சரி. ஆனால் 2014இல் ஒரு வெள்ளைக்காரப் படக்குழு பினாங்கில் வந்து இறங்கியது. கூட்டத்தில் நிற்க இந்திய முகங்கள் தேவை என்று கேள்விப்பட்ட பெரியப்பா, வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நரைத்த மீசையும் நிமிர்ந்த உடம்பும் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. தலைப்பாகை கட்டி, கையில் ஒரு வெள்ளித் தட்டைக் கொடுத்து, வெள்ளைக்காரர்கள் விருந்துண்ணும் புல்வெளியின் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

தொடரின் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. "சிம்லா டிராமா" என்றுதான் சொல்வார். ஆனால் 'ஹாரி பாட்டர்' படங்களில் ரான் வீஸ்லியின் அம்மாவாக வந்த ஜூலி வால்டர்ஸ் அதில் நடிக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் சொன்ன பிறகு, லிட்டில் இந்தியாவில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அந்தம்மா நின்ன அதே புல்லுலதான் நானும் நின்னேன்" என்று தே தாரிக் குடிக்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இமயமலையில் நடக்கும் கதையை எதற்காகப் பினாங்கில் எடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். 1864 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைக்காலத் தலைநகராக இருந்தது சிம்லா. வெயில் தொடங்கியதும் வைசிராய் முதல் குமாஸ்தா வரை கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். 1932இல் அந்த மலையில் நடக்கும் காதலும் அரசியலும் துரோகமும்தான் பால் ரட்மன் எழுதிய இந்தத் தொடரின் கதை. ஆனால் இன்றைய சிம்லாவில் புதுக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1932ஐத் தேடினால் கிடைக்காது. நம் ஜார்ஜ்டவுனிலும் கொடிமலையிலும் அந்தக் காலத்து பங்களாக்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. நம் நாட்டில் செலவு செய்யும் படக்குழுவினருக்கு அந்தச் செலவில் 30 விழுக்காடு வரை அரசாங்கம் திருப்பித் தரும் திட்டமும் 2013இலிருந்து நடைமுறையில் இருந்தது. பழைய வீடும் கிடைத்து, கைக்காசும் மிச்சமானால் யார்தான் வரமாட்டார்கள்?

சிம்லா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். நம் கொடிமலை 833 மீட்டர். உயரத்தை ஏமாற்றலாம், வியர்வையை ஏமாற்ற முடியாது. குளிர்ப் பிரதேசத்துக் கதை என்பதால் கனத்த உடைகள். "வெள்ளக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு, குளிருற மாதிரி நடிச்சாங்க. அதுதான்டா பெரிய நடிப்பு" என்பார் பெரியப்பா.

தொடரில் இந்தியர்கள் விருந்தாளிகளாக நுழைய முடியாத ராயல் சிம்லா கிளப்பாக வருவது, மலைமேல் உள்ள பழைய கிராக் ஹோட்டல். ஒரு காலத்தில் ஈ அண்ட் ஓ ஹோட்டலை நடத்திய சார்க்கீஸ் சகோதரர்கள் இதையும் நடத்தினார்கள். பிறகு தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட அப்லண்ட்ஸ் பள்ளி அங்கே இயங்கியது. 1992இல் வெளிவந்த 'இந்தோசின்' என்ற பிரெஞ்சுப் படத்திலும் பினாங்கு வியட்நாமாக நடித்தது. 1999இல் 'அன்னா அண்ட் த கிங்' படத்திலும் நம் ஊருக்கு வேடம் உண்டு, அங்கே அது சயாமிய நாடு. ஆக, பினாங்குக்கு நடிப்பு புதிதல்ல. தன் வேடத்தில் நடிக்க மட்டும்தான் அதற்கு அதிகம் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

சரி, அக்காவுக்கு இந்தத் தொடர் எப்படிக் கண்ணில் பட்டது? அது ஒரு தனிக் கதை.

அவள் பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்க அம்மையார் இருக்கிறார். ஞாயிறு இரவு ஒன்பது மணியானால் அந்த வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் 'மாஸ்டர்பீஸ்' நிகழ்ச்சி தொடங்கும் நேரம் அது. 1971 ஜனவரி முதல், பாஸ்டன் நகரத்து நிலையம் ஒன்றின் தயாரிப்பில், பிரிட்டிஷ் தொடர்களை அமெரிக்கர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நிகழ்ச்சி. 'அப்ஸ்டேர்ஸ் டவுன்ஸ்டேர்ஸ்', இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியின் கடைசி நாட்களைச் சொன்ன 'த ஜுவல் இன் த கிரவுன்', பின்னாளில் 'டவுன்டன் ஆபி' எல்லாம் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

ஆரம்ப காலத்தில் அந்த வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அலிஸ்டர் குக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான பத்திரிகையாளர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இது எந்தக் காலத்துக் கதை, இந்த ராஜா யார், இந்த வேலைக்காரிக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சில நிமிடங்கள் பேசிவிட்டுக் கதைக்குள் அனுப்பிவைப்பார். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்யும் வேலைதான். 1992 வரை அந்த வேலையைச் செய்தார். அடுத்தவர் ஊர்க் கதை புரியவில்லையே என்று யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்ட பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு.

அமெரிக்க வணிகத் தொலைக்காட்சிகளின் வழி வேறு. அவர்கள் பிரிட்டிஷ் தொடரை அப்படியே வாங்குவதைவிட, கதையை வாங்கித் தங்கள் ஊர்ச் சட்டையை மாட்டிவிடுவார்கள். 'டில் டெத் அஸ் டூ பார்ட்' 1971இல் 'ஆல் இன் த ஃபேமிலி' ஆனது. 'ஸ்டெப்டோ அண்ட் சன்' கறுப்பினக் குடும்பத்துக் கதையாகி 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' என்று வந்தது. இளைய வாசகர்களுக்குத் தெரிந்த 'த ஆபிஸ்' இங்கிலாந்தில் பிறந்து 2005இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நம் பெற்றோர் காலத்தில் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' நினைவிருக்கிறதா? 1977இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்தத் தொடரையும் 1986இல் 'வாட் எ கன்ட்ரி' என்ற பெயரில் அமெரிக்கர்கள் மாற்றி எடுத்தார்கள். அசல் தொடரில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் சீக்கியர் அல்ல, இலங்கையில் பிறந்தவர். யார் ஊரில் யார் யாராக நடிப்பது என்ற கணக்கு அப்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

பிபிஎஸ் வழி பொறுமையின் வழி. படம் ஓடும்போது நடுவில் விளம்பரம் கிடையாது. அதற்குப் பதிலாக, வருடத்தில் சில வாரங்கள் நிலையத்தார் திரையில் வந்து, "உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி தொடர வேண்டுமானால் நன்கொடை தாருங்கள்" என்று கேட்பார்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு துணிப்பையோ, கோப்பையோ, தொடரின் டிவிடியோ அன்பளிப்பாக வரும். கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருவார்களே, அதே முறை. பக்கத்து வீட்டு அம்மையாரிடம் அப்படிச் சேர்ந்த பைகள் ஐந்தாறு உண்டாம். 'டவுன்டன் ஆபி'யின் கடைசிப் பருவத்துக்குக் காத்திருந்த நேரத்தில், அவர்தான் அக்காவிடம் சொன்னார், "உங்கள் இந்தியாவைப் பற்றி ஒரு புதுத் தொடர் வருகிறது, வந்து என்னோடு பார்" என்று.

அக்கா இந்தியாவில் பிறந்தவள் அல்ல என்பதை அந்த அம்மையாருக்குப் பலமுறை சொல்லியாயிற்று. அது அவர் மனதில் தங்குவதில்லை. அக்காவும் விட்டுவிட்டாள். அன்று முதல் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மையார் பெருமூச்சு விட்டு, "சிம்லா எவ்வளவு அழகு! நீ போயிருக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார்.

"இது சிம்லா இல்லை. எங்கள் ஊர். பினாங்கு, மலேசியா" என்றாள் அக்கா. அம்மையார் நம்பவில்லை. அக்கா தன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு கொடிமலை ஏறியபோது எடுத்த படங்கள். பின்னால் அதே மரங்கள், அதே கடல், கீழே அதே தஞ்சோங். அம்மையார் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உங்கள் மலைக்கென்று ஒரு கதை இருக்குமே, அது எந்தத் தொடரில் வருகிறது?" என்று கேட்டாராம்.

அக்காவிடம் பதில் இல்லை. எனக்கு இதைச் சொன்னபோது என்னிடமும் இல்லை.

சில வாரங்கள் கழித்து, மறுபடியும் ஒரு திங்கட்கிழமைக் காலை. இந்த முறை செய்தி அல்ல, அழைப்பு. எடுத்தால் அக்கா அழுகிறாள். பதறிவிட்டேன். "அப்பாவப் பாத்தேன்டா... தலைப்பாகை கட்டிக்கிட்டு நிக்கிறாரு... அப்படியே இருக்காரு." நான்கு விநாடி. ஒரு விருந்துக் காட்சியில், முக்கியமான இருவர் பேசிக்கொண்டு நடந்துபோக, பின்னால் தட்டோடு நிற்கும் பெரியவர் ஒருவர் கண்ணைத் தாழ்த்துகிறார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மையார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பா மிக நன்றாக நடிக்கிறார்" என்றாராம்.

அடுத்த தைப்பூசத்துக்கு அக்கா வந்தபோது டிவிடியைக் கொண்டுவந்தாள். அமெரிக்கத் தட்டு நம் ஊர்க் கருவியில் ஓடவில்லை. அங்கே விற்கும் டிவிடிக்கு ஒரு மண்டல எண், நம் பக்கம் வேறு மண்டல எண். கடைசியில் அக்கா கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் போட்டோம். பெரியம்மா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பதினைந்து பேர் அந்தச் சின்னத் திரையைச் சூழ்ந்துகொண்டோம். நான்கு விநாடியை நாற்பது தடவை ஓட்டியிருப்போம். பெரியப்பா மட்டும் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"என் தாத்தா இதே மலையில வெள்ளக்காரனத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. நான் இதே மலையில வெள்ளக்காரனுக்குத் தட்டு தூக்கி நின்னேன். அவருக்குத் தோள் காச்சுப் போச்சு. எனக்குச் சம்பளத்தோட கோழிக் கறி."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதற்குள் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

கொடிமலை ரயில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன்பு மலை ஏற வேண்டுமானால் நடக்க வேண்டும், குதிரையில் போக வேண்டும், இல்லையென்றால் டோலியில் உட்கார வேண்டும். துரைமாரையும் துரைசானிகளையும் டோலியில் வைத்துச் செங்குத்தான பாதையில் தூக்கிப் போனவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து மலைப் பாதைகளிலும் பினாங்கின் சாலைகளிலும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. மலைமேல் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயம், அப்படி மலையில் உழைத்தவர்கள் வைத்துக் கும்பிட்ட சிறு சந்நிதியிலிருந்து வளர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களுக்கு மலையில் கிளப் இருந்தது. தூக்கிப் போனவர்களுக்கு முருகன் இருந்தான்.

இதுதானே அந்த அமெரிக்க அம்மையார் கேட்ட கதை? இது எந்தத் தொடரிலும் வரவில்லை. தொடரை எடுத்தவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். இந்தியர்களின் பக்கத்தைச் சொல்லவும் முயன்றார்கள்: பார்சி குமாஸ்தாவாக வரும் நிகேஷ் பட்டேலும், அவருடைய தந்தையாக வரும் ரோஷன் சேத்தும் மனதில் நிற்கிறார்கள். ஐந்து பருவங்கள் திட்டமிட்டு, இரண்டோடு 2016இல் தொடர் நின்றுவிட்டது. பணம் கொட்டி எடுத்தவர்களுக்கே அந்த நிலை. நம் கதையை யாரோ வந்து எடுத்துத் தருவார்கள் என்று காத்திருப்பது, அடுத்த வீட்டு அடுப்பில் நம் சோறு வேகும் என்று நினைப்பது போல.

எடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. அக்கா அழுதுகொண்டே கூப்பிட்ட அதே 2015இன் டிசம்பரில்தான், சஞ்ஜெய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரைக்கு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்களின் கதை, நம் பேச்சுத் தமிழில். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. பெரிய பணத்தில் எடுத்த படமல்ல. நம்மில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம்? அந்த அம்மையாரோ அடுத்தவர் நாட்டுக் கதைக்காக வருடா வருடம் ரசீது எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா 2018இல் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அக்கா அமெரிக்கா திரும்புவதற்கு முந்தின இரவு, "அப்பா பேசினது எங்கயாச்சும் இருக்காடா?" என்று கேட்டாள். தேடினோம். அவர் வைத்திருந்தது பழைய பட்டன் போன், குரல் செய்தி எதுவும் இல்லை. கல்யாண வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தோம். பந்தியில் நிற்கிறார், தாம்பூலம் கொடுக்கிறார், யாரிடமோ வாய்விட்டுச் சிரித்துப் பேசுகிறார். ஆனால் நம் ஊர்க் கல்யாண வீடியோவைப் பற்றித்தான் தெரியுமே, மேலே முழுக்க சினிமாப் பாட்டு. அவர் வாய் அசைகிறது, கேட்பதெல்லாம் பின்னணிப் பாடகர் குரல். சிம்லா டிராமாவின் நான்கு விநாடியிலும் அவர் பேசவில்லை.

டோலி தூக்கிய தாத்தாவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பாதை, எத்தனை பேர் சேர்ந்து தூக்குவார்கள், மழையில் என்ன செய்வார்கள், என்ன கூலி, ரயில் வந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் எல்லாம். அவருக்கு எதிரில் உட்கார்ந்து நான் எத்தனை கோப்பை தே தாரிக் குடித்திருப்பேன்! என் பையில் ஒளிப்பதிவு செய்யும் போன் எப்போதும் இருந்தது. அவரைத் தட்டோடு நிறுத்திப் படமெடுக்க இங்கிலாந்திலிருந்து ஆள் வந்தது. உட்காரவைத்துப் பேசச் சொல்ல, அதே ஊரில் இருந்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் அவருடைய திதியன்று, படையல் போட்டுச் சாப்பிட்ட பிறகு, அந்தக் காட்சியைப் போடுகிறோம். பிள்ளைகள் "தாத்தா, தாத்தா" என்று திரையைத் தொடுகிறார்கள். போன வருடம் சின்னவன் கேட்டான், "தாத்தா ஏன் பேச மாட்டேங்கிறாரு?" பெரியம்மா பதில் சொல்லாமல் அவன் தலையைத் தடவினார். பிறகு தானாகவே, டோலித் தாத்தாவைப் பற்றித் தன் மாமனார் சொன்னதாக ஒரு சங்கதியைச் சொல்லத் தொடங்கினார். முதல் இரண்டு வாக்கியம் போய்விட்டது. மூன்றாவது வாக்கியத்தில் நான் போனை எடுத்து, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து, பதிவு பட்டனை அழுத்தினேன். பதினெட்டு நிமிடம் வந்திருக்கிறது. அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினாளாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இந்த இதழை மடித்துவைத்துவிட்டு, போனை எடுங்கள்.